யார் கையில் கத்தரி?

2025 ஜூலை. ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' வெளியாகி முதல் வார இறுதி முடிந்த திங்கட்கிழமை. அலுவலக கேன்டீனில் எங்கள் அணியிலேயே இளையவன், தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டே கேட்டான்: "அண்ணா, டெலிடெட் சீன்லாம் எப்ப விடுவாங்க?"

"மொதல்ல படம் எப்படின்னு சொல்லுடா."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நிறைய தூக்கியிருப்பாங்க போல. முழுசா பாத்தாதான் கரெக்டா சொல்ல முடியும்."

மேசையைச் சுற்றியிருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த 'முழுசா' தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து முடித்தவன், அதை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்கிறான். அவனைப் பொறுத்தவரை தியேட்டரில் ஓடியது ஒரு சாம்பிள். உண்மையான படம் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அது வெளியே வரும்வரை தீர்ப்பு ஒத்திவைப்பு.

வேடிக்கை என்னவென்றால், அவன் சொன்னது ஒருவகையில் உண்மைதான். இந்தியாவில் அந்தப் படத்தை யாருமே முழுசாகப் பார்க்கவில்லை. ஆனால் அவன் நினைத்த வகையில் அல்ல. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் என் சொந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோய் எனக்கும் இருந்தது.

2022 மார்ச் 4 அன்று மாட் ரீவ்ஸின் 'தி பேட்மேன்' வெளியானது. 176 நிமிடப் படம். இரவுக் காட்சிக்குத் தனியாகப் போனேன். தொடக்கத்தில் ஒரு ரயில் நிலையம். முகத்தில் சாயம் பூசிய ஒரு கும்பல் தனியாக வந்த ஒருவனைச் சூழ்ந்துகொள்கிறது. இருட்டிலிருந்து பேட்மேன் வருகிறான். நீ யார் என்று கேட்டவனை அடித்து வீழ்த்திவிட்டு, வஞ்சம் என்பதே தன் பெயர் என்கிறான். தியேட்டரில் விசில் பறந்தது. நானும் அடித்தேன். மாஸ் சீன் என்றால் மாஸ் சீன்தான்.

கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் கழித்து, ஊரே வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, ரிட்லரின் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு மேலிருந்து மக்களைச் சுடுகிறார்கள். அவர்களில் ஒருவனைப் பேட்மேன் வெறிபிடித்தவன்போல அடிக்கிறான். அடித்து முடிந்ததும் முகமூடியைக் கழற்றி, நீ யார் என்று போலீஸ் கேட்கிறது. அவன் அதே பெயரைச் சொல்கிறான். வஞ்சம்.

இந்த முறை விசில் வரவில்லை. என் பக்கத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். படத்தின் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் எதற்குக் கைதட்டினோமோ, அது வேறொருவன் வாயிலிருந்து திரும்பி வந்து எங்கள் முகத்திலேயே அறைந்தது. பேட்மேனுக்கும் ரிட்லருக்கும் நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதைப் படம் எந்த இடத்திலும் விளக்கவில்லை. எங்களையே அந்தச் சுவரில் மோதவைத்தது. வீட்டுக்கு வண்டியில் வரும்போது, நான் ஏன் முதல் காட்சிக்கு விசிலடித்தேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சூப்பர்ஹீரோ படம் என்னை அப்படிக் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை.

சரியாக இருபது நாள் கழித்து, மார்ச் 24 அன்று, டெலிடெட் சீன் வந்தது. அதைச் சும்மா விடவில்லை. படத்தின் கடைசியில் ஒரு நொடி மின்னி மறையும் இணைய முகவரி ஒன்று உண்டு. அங்கே போய்ப் புதிர்களுக்கு விடை சொன்னால் காட்சி திறக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்தும் நள்ளிரவில் உட்கார்ந்து விடை தேடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதே நாளில் அந்தக் காட்சி யூடியூபிலும் வந்துவிட்டது என்று தெரிந்தபோது கொஞ்சம் அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து நிமிடச் சொச்சக் காட்சி. ஆர்கம் சிறையில் ஜோக்கரைப் பார்க்கப் பேட்மேன் போகிறான். ரிட்லர் என்ன மாதிரி ஆள் என்று ஒரு கொலைகாரனைப் பற்றி இன்னொரு கொலைகாரனிடம் கேட்கப் போகிறான். மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் பேரி கியோகன். நல்ல நடிகர், நல்ல ஒளி, நல்ல எழுத்து. தனியாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பேச்சின் முடிவில் ஜோக்கர் பேட்மேனின் மனதைத் திறந்து காட்டுகிறான்: ரிட்லர் செய்வது தப்பு என்பதில் உனக்கே உறுதியில்லை, செத்தவர்களுக்கு அது வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் நீயும் நினைக்கிறாய்.

மறுநாள் என் பழைய அறைத்தோழன் போன் செய்தான். "மச்சான், இத எப்படிடா தூக்குனானுங்க? இது இருந்திருந்தா பேட்மேன் கேரக்டர் இன்னும் எவ்ளோ டெப்தா இருந்திருக்கும்!" நானும் ஆமாம் போட்டேன். ஒரு மணி நேரம் ரீவ்ஸைத் திட்டினோம். கதைக்கு அந்தக் காட்சி அவசியப்படவில்லை என்று அவரே சொல்லியிருந்தார். அது ஸ்டுடியோ எழுதிக்கொடுத்த பதில் என்று நாங்களே முடிவு கட்டினோம்.

பிறகு படம் ஓடிடியில் வந்தது. மறுபடி பார்த்தேன். வெள்ளம், துப்பாக்கிகள், முகமூடி, நீ யார் என்ற கேள்வி, அந்தப் பதில். ஒன்றும் ஆகவில்லை. அந்த அடி விழவே இல்லை. ஏனென்றால் ஜோக்கர் என்னிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டான். தியேட்டரில் நானாகப் போய் முட்டிக்கொண்ட உண்மை, இப்போது யாரோ முன்கூட்டியே கொடுத்த கோனார் நோட்ஸின் விடையாகத் தெரிந்தது. படம் மாறவில்லை. ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. நான்தான் கெட்டுப்போயிருந்தேன். முதல் முறை பார்த்த படத்தை என்னால் இனி ஒருபோதும் பார்க்க முடியாது. ரீவ்ஸ் ஏன் வெட்டினார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பாத்திரத்தின் வாயால் சொல்லிவிட்டால், பார்வையாளனுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த ஐந்து நிமிடத்தைப் பறித்ததன் மூலம் அவர் எனக்கு ஒன்றைக் கொடுத்திருந்தார். நான் நள்ளிரவில் புதிருக்கு விடை சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு இது இன்னும் சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு மாட்யூல் எழுதினேன். எண்ணூறு வரிக்கு மேல். ரிவ்யூவுக்குக் கொடுத்தால் என் சீனியர் அக்கா பாதிக்கு மேல் சிவப்பாக்கிவிட்டார். "நல்லா எழுதியிருக்கேப்பா. ஆனா இத யாரும் கூப்பிடவே இல்லையே?" அழிக்க மனம் வராமல் கமெண்ட் போட்டு வைத்தேன், பின்னாடி தேவைப்படலாம் என்று. அதையும் அழிக்கச் சொன்னார். "கிட்ல இருக்கும். யாருக்காவது வேணும்னா அங்க போய்ப் பாத்துக்கட்டும். புரோக்ராம்ல எதுக்கு?" அன்று முகம் சுருங்கிப்போனது. இன்று எனக்குக் கீழே இருப்பவர்களிடம் நான் அதே வசனத்தைத்தான் பேசுகிறேன். எழுதியதெல்லாம் புரோக்ராம் ஆகாது. எதை வைப்பது என்று ஒருவர் பொறுப்பெடுத்து முடிவு செய்த பிறகு மிஞ்சுவதுதான் புரோக்ராம்.

படமும் அப்படித்தான். எடுத்ததெல்லாம் சினிமா இல்லை. வெட்டு மேசையில் உட்கார்ந்து, கஷ்டப்பட்டு எடுத்த காட்சியை, நடிகர் உயிரைக் கொடுத்து நடித்த காட்சியை, இது வேண்டாம் என்று சொல்லும் அந்த முடிவும் இயக்குநரின் எழுத்துதான். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தேன், எடுத்ததையெல்லாம் காட்டு என்று கேட்பது, சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தேன், காய் நறுக்கிய தோலையும் இலையில் வை என்று கேட்பது மாதிரி.

இதைச் சொன்னால் உடனே ஒரு பெயர் வரும். ஸ்னைடர். நியாயமான பெயர்தான், தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஸாக் ஸ்னைடர் தன் மகளை இழந்த துயரத்தில் 2017 மே மாதம் 'ஜஸ்டிஸ் லீக்' படத்திலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் வந்து நிறைய மறுபடி எடுத்தார். அந்த நவம்பரில் இரண்டு மணி நேரப் படமாக ஒன்று வெளியானது. அது யாருடைய படமும் அல்ல, கமிட்டி போட்ட ரங்கோலி. ரசிகர்கள் விடவில்லை. மூன்று வருடம் கத்தினார்கள். கத்தியதோடு நிற்காமல் தற்கொலைத் தடுப்புக்காக ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள். 2021 மார்ச் 18 அன்று ஸ்னைடரின் 242 நிமிடப் படம் வந்தது. அது எனக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் அது ஒரு மனிதனின் படம். அங்கே ரசிகர்கள் கேட்டது நியாயம் என்றே இன்றும் சொல்வேன்.

இதைவிடப் பழைய கதையும் உண்டு. ஆர்சன் வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது, அவருடைய 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' படத்திலிருந்து ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ 40 நிமிடத்துக்கும் மேல் வெட்டியது. மகிழ்ச்சியான முடிவு ஒன்றை எடுத்து ஒட்டி 1942-இல் வெளியிட்டது. வெட்டிய நெகட்டிவையும் அழித்துவிட்டது. அந்த நிமிடங்களுக்காக இன்றும் ஒருவர் அழுதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன்.

ஆக, வெட்டுவது புனிதம் என்று நான் சொல்லவில்லை. யார் வெட்டினார்கள் என்று கேளுங்கள் என்கிறேன். ரீவ்ஸின் வெட்டு எழுத்தாளன் தன் வரியைத் தானே அடிப்பது. ஆம்பர்சன்ஸின் வெட்டு, எழுத்தாளன் ஊரில் இல்லாதபோது முதலாளி புகுந்து பக்கங்களைக் கிழிப்பது. நம் ரசிகக் கூட்டத்துக்கு இரண்டும் ஒன்று. ஸ்னைடர் விஷயத்தில் ஜெயித்தபோது நாம் கற்றிருக்க வேண்டிய பாடம், படைப்பாளியின் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்காதே என்பது. கற்ற பாடமோ, போதுமான சத்தம் போட்டால் எதுவும் வெளியே வரும் என்பது.

அந்தப் பாடத்தை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொண்டவர்கள் ஸ்டுடியோக்காரர்கள். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரலில் வெளியாகி, 'அவதார்' படத்தின் உலக வசூல் சாதனையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நிலையில், ஜூன் கடைசியில் மறுபடி திரைக்கு வந்தது. கூடுதலாக என்ன? படம் முடிந்த பிறகு, கிராபிக்ஸ் வேலைகூட முடியாத ஒரு ஹல்க் காட்சி. அரைவேக்காடு என்று தெரிந்தே பரிமாறினார்கள். மறுபடி டிக்கெட் வாங்கினோம். அடுத்த மாதம் சாதனை உடைந்தது. 2022 செப்டம்பரில் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' 11 நிமிடம் கூட்டித் திரும்பி வந்தது. ஒரு காலத்தில் டிவிடியின் கடைசியில் சினிமா கற்பவர்களுக்காகக் கிடந்த டெலிடெட் சீன், இன்று படம் வெளியான மூன்றாவது வாரம் பேச்சு குறையாமலிருக்க எடுத்து வீசும் தீனி. ஆர்கம் காட்சிக்கு வைத்த புதிர்களும் அதற்குத்தான். நாங்கள் துப்பறிகிறோம் என்று நினைத்தோம். சம்பளம் வாங்காமல் அவர்களுடைய விளம்பரப் பிரிவில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெலிடெட் சீனைப் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பாருங்கள். ஒரு நல்ல இயக்குநர் எதை வேண்டாமென்றார் என்பதைவிடப் படத்தொகுப்புக்குப் பெரிய பாடம் கிடையாது. ஆனால் வெட்டு மேசையைப் பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள். படத்துக்கு எதிரான சாட்சியாக அதைக் கூண்டில் ஏற்றாதீர்கள். "ஜோக்கர் அப்படிச் சொன்னானே, அதனால பேட்மேன் மனசுல இதுதான் இருந்துச்சு" என்று நாம் அடித்துக்கொள்கிறோம். ஜோக்கர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் அந்தச் சந்திப்பே நடக்கவில்லை. அடித்த வரிக்கு நூலில் இடமில்லை.

இப்போது, கேன்டீனில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

'சூப்பர்மேன்' படத்தின் தொடக்கத்திலேயே லோயிஸும் கிளார்க்கும் அவளுடைய வீட்டில் உட்கார்ந்து நீளமாகச் சண்டை போடுகிறார்கள். பேட்டி என்று ஆரம்பித்துப் பூசலாக முடிகிறது. இந்த உறவு நிலைக்குமா என்ற சந்தேகம் லோயிஸுக்கு. ஊர் இடிந்து, கட்டடங்கள் சரிந்து, எல்லாம் முடிந்த பிறகு இருவரும் முத்தமிட்டுக்கொண்டே தரையிலிருந்து மெல்ல மேலே எழுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குப் படம் தரும் பதில் அது. பறக்கத் தெரிந்தவன் ஒருத்தியைக் கூட அழைத்துக்கொண்டு மேலே போகிறான். சூப்பர்மேன் கதையில் காதலைக் காட்ட இதைவிட எளிய படிமம் உண்டா?

நம் ஊர்த் திரையில் அது வரவில்லை. முத்தக் காட்சிகளில் 33 விநாடி கிளர்ச்சியூட்டுவதாகச் சொல்லித் தணிக்கை வாரியம் நீக்கச் சொன்னது என்று செய்திகள் வந்தன. இடிபாடுகள் இருந்தன, அடிதடி இருந்தது, கண்முன்னே ஓர் அப்பாவி மனிதனைச் சுட்டுக் கொல்லும் காட்சி இருந்தது. அவையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சேதமில்லை. காதலிக்கும் இருவர் முத்தமிட்டால்தான் பண்பாடு பதறும்.

இது ரீவ்ஸின் வெட்டு அல்ல. ஸ்டுடியோவின் வெட்டுகூட அல்ல. அந்தப் படத்தை எடுப்பதில் ஒரு துளிப் பங்கும் இல்லாத ஓர் அலுவலகம், பார்க்கப்போகும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியது. இதற்குச் சட்டத்தின் முத்திரையும் உண்டு. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காக வழக்குப் போட்டபோது, முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் சொல்லிவிட்டது. வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் முறையிட ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இனி நேரே உயர் நீதிமன்றம்தான். வெளியீட்டுத் தேதி குறித்துவிட்டு நிற்கும் எந்தத் தயாரிப்பாளர் 33 விநாடிக்காக வழக்கு நடத்துவார்? வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படித்தான் போகிறார்கள்.

அன்று கேன்டீனில் நான் கேட்டேன்: "டேய், அந்த முத்தத்த சென்சார்ல தூக்கிட்டாங்களே, தெரியுமா?"

"ஆமாண்ணா, மீம் பாத்தேன். செம காமெடி." சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "அது சரி, டைரக்டர்ஸ் கட் வருமா?"

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. 2015-இல் 'ஸ்பெக்டர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் முத்தத்தைப் பாதியாகக் குறைத்தபோது நானும் மீம் பகிர்ந்து சிரித்துவிட்டுப் போனவன்தான். பத்து வருடம் கழித்து அதே கத்தரி, அதே முத்தம், அதே மீம். கேலி செய்வது எதிர்ப்பு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வாரியத்துக்கு அது கொசுக்கடி அளவுகூட இல்லை.

மூன்று வருடம் ஓயாமல் கத்தி, ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோவைக் கோடிக்கணக்கில் செலவழிக்க வைக்கும் தெம்பு ரசிகனுக்கு உண்டு. ஐந்து நிமிடக் காட்சிக்காக நள்ளிரவில் புதிர் அவிழ்க்கும் பொறுமை உண்டு. இயக்குநர் தானே யோசித்து, தன் படத்தின் நன்மைக்காக வெட்டியதைத் திரும்பக் கேட்டு அவரை வசைபாடும் கோபமும் உண்டு. இவ்வளவும் இருந்தும், இயக்குநர் வைக்க விரும்பிய ஒன்றை, அவருக்கும் நமக்கும் நடுவில் நின்று ஒருவர் வெட்டும்போது நம்மிடம் மிஞ்சுவது ஒரு மீம்.

'முழுசா பாக்கணும்' என்ற ஆசை தவறில்லை தம்பி. அதை வைத்துக்கொள். ஆனால் முழுசு என்பது கேமராவில் பதிந்ததெல்லாம் அல்ல. எடுத்தவர் இதுதான் என் படம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அது உன் கைக்கு அப்படியே வந்து சேர வேண்டும். அதற்கு மேல் ஒரு விநாடி கேட்க உனக்கு உரிமையில்லை. அதில் ஒரு விநாடி குறைந்தாலும், சிரித்துவிட்டுப் போகாதே.